துவக்கு என்ற சொல்

செவ்வாய்க்கிழமை காலை சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது திரேசா அன்ரி அழைத்தார். "பிள்ளை, அங்கிள் எங்கள விட்டிட்டுப் போட்டார்." எனக்கு முன்னால் ரயில் வந்து நின்று, போயும் விட்டது.

அவருடைய கணவர் சவரிமுத்து அங்கிள் இலங்கையின் மன்னாரைச் சேர்ந்தவர். நான் சென்னையிலிருந்து படிக்க வந்தவள். பிளாக்டவுன் நூலகத்தில்தான் அவரைச் சந்தித்தேன். காவல்துறை கழித்துவிடும் துப்பாக்கிகளை விற்கக் கூடாது, உருக்க வேண்டும் என்று அரசுக்கு மனு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

சிட்னிக்கு வந்த புதிதில், அப்படிக் கழித்தவற்றை வாங்கி விற்கும் ஒரு வியாபாரியின் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். துடைத்து எண்ணெய் போடுவார். பிடியில் இருக்கும் காவல்துறை முத்திரையைத் தேய்த்து அழிப்பார். எல்லாம் சட்டப்படிதான். ஊரில் அவருடைய தம்பி, அவர் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்டவர். சுட்டவனின் துப்பாக்கிப் பிடியில் வட்டமாக ஒரு தேய்ந்த தடம் இருந்ததாம்.

"அது என்னெண்டு அண்டைக்கு விளங்கேல்ல. இஞ்ச வந்து என்ர கையாலயே தேய்க்கேக்கதான் விளங்கிச்சு" என்றார். அன்றே அந்த வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் துப்புரவு செய்யப் போனார்.

நான் எழுதிய துண்டுப் பிரசுரத்துக்கு, 'கையெழுத்து இயக்கத்தைத் துவக்குவோம்' என்று தலைப்பிட்டிருந்தேன். அவர்கள் பேச்சில் துவக்கு என்றால் துப்பாக்கி என்பது எனக்குத் தெரியாது. வாசித்தவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஐயோ பிள்ளை, துவக்கு வேண்டாம் எண்டு கேக்கிற தாளில துவக்குவோம் எண்டோ போடுறது?"

'ஓய்வுபெற்ற துப்பாக்கிகள்' என்பதையும் அடித்தார். "ரிட்டயர் ஆகிறது பொலிஸ்காரர். துவக்கு ரிட்டயர் ஆகாது."

அதன்பின் எந்தக் கூட்டத்தில் யார் "துவக்குவோம்" என்றாலும், என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்.

ஞாயிறுகளில் தேவாலய வளாகத்தில் கையெழுத்து வாங்க மேசை போட்டு நின்றோம். ஓர் இளைஞர் வாதிட்டார். "பழைய பொலிஸ் காரையும்தானே அங்கிள் விக்கிறாங்கள்? எங்கட வரிக்காசு மிச்சம்."

"ஓம் தம்பி. அந்தக் காரை ஆரோ ஓட்டுவினம். இதையும் ஆரோ…" அவர் முடிக்கவில்லை. இளைஞர் கையெழுத்திடாமல் பக்கத்து உணவு மேசைக்கு ரோல்ஸ் வாங்கப் போனார்.

மனுவுக்குப் பதில் வந்தபோது அங்கிள் மருத்துவமனையில் இருந்தார். நான்கு வரிகள்: கருத்துக் கவனத்தில் எடுக்கப்பட்டது, தற்போதைய நடைமுறை தொடரும். தமிழில் சொன்னேன்.

"உருக்கிறது எண்டு ஒரு சொல்லாவது கிடக்கோ?"

"இல்ல அங்கிள். மறுபடி எழுதலாம்."

"நீர் எழுதும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுதவில்லை. எழுதினாலும் அதே நான்கு வரிகள்தான் வரும்.

அடக்கத்தன்று, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த பாதிரியார், "செபத்தைத் துவக்குவோம்" என்றார். பழக்கத்தில் நிமிர்ந்து அங்கிள் முகத்தைத் தேடினேன். பெட்டியை மூடியிருந்தார்கள்.

போய் வாருங்கள், அங்கிள். அந்தப் பட்டறையில் நீங்கள் விட்டுவந்த இடத்தில் நின்று, வேறு யாரோ தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.