ரத்து செய்யாத பத்து நிமிடம்

ஆபீஸில் அவருக்கு 'சாமி' என்று பெயர். பக்தியெல்லாம் ஒன்றும் கிடையாது. திட்டினாலும் பாராட்டினாலும் ஒரே முகம், அதற்காக வைத்த பெயர். போன வருடம் மனைவி இறப்பதற்கு முன்பு அவர் சிரிக்க ஆரம்பித்தால் பக்கத்து அறையில் வேலை நின்றுவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் கதை விடாதீர்கள் என்பார்கள்.

பார்சல் கம்பெனி அது. முந்நூறு சொச்சம் கிளைகள், ஒவ்வொன்றையும் தலைமை ஆபீஸோடு இணைக்க ஒரு ரவுட்டர். முன்பெல்லாம் சின்ன மாற்றம் என்றாலும் ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாக நுழைந்து அதே நாலு வரியைத் தட்ட வேண்டும், விரல் தேய்ந்துவிடும். கம்ப்யூட்டரில் ஒரு நிரல் எழுதி, அத்தனை ரவுட்டரிலும் ஒரே மூச்சில் வேலை முடிய வழி பண்ணியவர் சாமிதான்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தூரத்திலிருக்கும் ரவுட்டரில் கை வைக்கும் முன், பத்து நிமிடத்தில் தானே அணைந்து எழும்படி அதற்குச் சொல்லி வைப்பார்கள். மாற்றம் சொதப்பித் தொடர்பு அறுந்தாலும், பழைய அமைப்போடு எழுந்துவிடும். நல்லபடியாக முடிந்தால், நேரம் தீர்வதற்குள் அதை ரத்து செய்ய வேண்டும். அந்த ரத்தை மட்டும் சாமி நிரலை நம்பி விடவில்லை. தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார்.

அன்று மதியம் நிரல் ஓடி முடிந்தது. திரை முழுக்கப் பச்சை. கை பொத்தானுக்குப் போகும்போது போன் அடித்தது. மகள். பள்ளிப் படிப்பில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி அவளுக்கு.

"அப்பா, பெரியம்மா வந்துட்டாங்க."

"ம்."

"துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்றாங்க. இனிமே அவங்க வீட்லயே இருந்து படிக்கலாமாம்."

"ம்."

"நீங்க என்ன சொல்றீங்க? போகவா, வேண்டாமா?"

பெரியம்மா, அதாவது மனைவியின் அக்கா, கெட்டவள் இல்லை. பேச்சு மூச்சில்லாத வீட்டில் பெண் வளரக் கூடாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னவள். சொன்னதில் தப்பும் இல்லை. மகளும் போய்விட்டால் வீட்டில் தனக்கென்று யாரும் மிஞ்சப்போவதில்லை என்பது சாமிக்குத் தெரியும். தெரிந்தும் எங்கேயும் வலிக்கவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளுவது மாதிரி இருந்தது.

"உன் இஷ்டம்மா," என்றார்.

அவள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு வைத்தாள். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் தீர்ந்தது. பச்சையெல்லாம் சிவப்பானது.

மேனேஜர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார். "யோவ் சாமி, எந்தக் கிளையிலயும் புக்கிங் போட முடியல. என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"ரத்து பண்ண மறந்துட்டேன் சார். தானா எழுந்துரும்."

"எல்லா ஊர்லயும் ஜனம் வரிசையில நிக்குது, நீ பாட்டுக்கு உக்காந்திருக்கே. பயமே இல்லையா உனக்கு?"

இல்லைதான். வரவேண்டிய பயம் வரவில்லை. ரவுட்டர்கள் ஒவ்வொன்றாகப் பழைய அமைப்போடு எழுந்தன. மறுபடி முதலிலிருந்து ஓட்டி, இந்தத் தடவை மறக்காமல் ரத்து செய்து, பாக்கித் திட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மகளின் அலமாரியில் அவளுக்குச் சிறிதாகிப்போன துணிகள் மட்டும் இருந்தன. நின்றபடியே போன் செய்தார்.

"எங்கே இருக்கே?"

"பஸ்ல. பாதி வழி வந்துட்டோம். பெரியம்மா தூங்கிட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, போகாதேன்னு நீங்க சொல்லியிருந்தா கிளம்பியிருக்க மாட்டேன்."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

இப்போதும் சொல்லலாம், சொன்னால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவாள் என்றும் அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். பஸ்ஸின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் போனை வைக்கவில்லை.