இரண்டு வீட்டுக்கும் ஒரு ஷீட்

கூரை மாற்ற எவ்வளவு ஆயிற்று என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் பாதிக்கு மேல் ஷீட் வீடுகள்தான். அந்த ஏப்ரல் மாத ஆலங்கட்டி மழைக்குப் பிறகு எல்லோருக்கும் வேண்டியிருந்த தகவல் அது. நான் ஒரு தொகையைச் சொல்வேன். சொல்லி முடித்ததும் அது சரியான பதில்தானா என்று சந்தேகம் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்கு வாங்கிய ஷீட்டைச் சேர்த்துச் சொன்னேனா, சேர்க்காமலா? அதைச் சேர்ப்பதுதான் முறையா?

மழை பிற்பகலில் வந்தது. யாரோ மேலே நின்று ஜல்லிக் கூடையைக் கவிழ்ப்பது போல ஒரு சத்தம். மூன்றரை வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் ஏறினாள். வாசலுக்குள் வெள்ளையாக ஒன்று உருண்டு வந்ததைப் பார்த்ததும் இறங்கி ஓடிவிட்டாள். நெல்லிக்காய் அளவு இருந்தது. டம்ளரில் போட்டுக் கொடுத்தேன். அதைத் தின்னலாமா கூடாதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டாள்.

மழை நின்று வெயில் எட்டிப் பார்த்தபோதுதான் கூரை உடைந்திருப்பது தெரிந்தது. தரையில், கட்டிலில், பீரோ கதவில் வட்டம் வட்டமாக வெளிச்சம் விழுந்திருந்தது. மகள் ஒவ்வொரு வட்டத்திலும் கால் வைத்து உரக்க எண்ணினாள். அவளுக்கு ஒன்பதுக்கு அடுத்தது பதினொன்று. கால் வைத்ததும் வட்டம் பாதத்தின் மேல் ஏறிக்கொண்டது. நானும் கையை நீட்டி ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. கோணல்மாணலான ஓட்டையிலிருந்தும் வட்டமாகவே வெளிச்சம் விழுகிறதே, அது ஏன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். தலைக்கு மேல் ஓட்டை விழுந்திருக்கும்போது யோசிக்கிற விஷயமா அது என்று பிறகுதான் உறைத்தது.

மகளுக்கு வீசிங் உண்டு. சுவர் ஈரம் குடித்தால் அவள் நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். மே மாத மழைகள் காத்திருந்தன, அதன் பிறகு பருவமழை. அதற்குள் கூரை சரியாக வேண்டும். எனக்கு வேறு எதுவும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

கணவர் காலையில் போனால் இருட்டிய பிறகு வருகிறவர். "நீ விசாரிச்சு வை, எதுவா இருந்தாலும் பண்ணிடலாம்" என்றார். எதுவாக இருந்தாலும் என்று விட்டுவிடுவது எனக்கு ஆகாத காரியம். கல்யாணத்துக்கு முன்பு பள்ளியில் கணக்கு எடுத்தவள் நான். மூன்று பேரை வரச் சொன்னேன்.

முதலாமவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு இருபத்திரண்டாயிரம் என்றார். இரண்டாமவர் டேப் பிடித்து அளந்து, முப்பத்தெட்டு என்றார். ஒரே கூரைக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம் என்று குடையத் தொடங்கினேன். இருபத்திரண்டில் ஷீட் மட்டும்தான் இருந்தது. ஏற்றுகிற கூலி, கொக்கி போல்ட், துருப்பிடித்த இரும்புச் சட்டம் எதுவும் அதில் இல்லை. முப்பத்தெட்டில் எல்லாம் இருந்தது, நாங்கள் கேட்காத பெயின்டும் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், அது கலக்காத சிமெண்ட் ஷீட் வேண்டும் என்று நான் சொன்னதும் இரண்டு தொகையும் ஏறின. மூன்றாமவர் தொகை எதுவும் சொல்லாமல் கட்டிலை ஒட்டியிருந்த சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் யார் இருக்காங்க மேடம்?"

"ஏன், அவங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே."

"அவங்களுக்கு ஆகல. ஆனா உங்க ஷீட்டுல பாதி அவங்க வீட்டுக்குள்ள இருக்கு."

எனக்குப் புரியவில்லை. அதைப் பார்க்கத்தான் எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கூரைக்குக் கீழேயே இருந்தும் அதன் மேல்பக்கத்தை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. எங்களுடையது வரிசை வீடு. ஐந்து வீடுகளை ஒருவர் வாடகைக்கு விடக் கட்டி, பிறகு ஒவ்வொன்றாக விற்றிருந்தார். மாமனார் வாங்கியது நான்காவது. விற்றவர் சுவரைச் சுவராகப் பிரித்துக் கொடுத்தார், கூரையைப் பிரிக்க அவருக்குத் தோன்றவில்லை. மேலிருந்து பார்த்தால் ஐந்து வீட்டுக்கும் ஒரே நீளக் கூரை. எங்கள் வீடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு இறகுப்பந்து, ஜோடியில்லாத ஒரு குழந்தைச் செருப்பு, காற்றில் பறக்காமல் இருக்க வைத்த சைக்கிள் டயர் எல்லாம் கிடந்தன. உடைந்த இடத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டை அடையாளம் கண்டேன். மூன்றாமவர் சொன்னது உண்மைதான். நடுச்சுவரின் மேல் ஒரு ஷீட் குறுக்காகக் கிடந்தது. பாதி எங்களுக்கு, பாதி மூன்றாவது வீட்டுக்கு. எங்கள் பாதியில் நீளமாக ஒரு விரிசல். அதை மாற்றாவிட்டால் தண்ணீர் சுவரிலேயே இறங்கும். மகளின் கட்டில் அந்தச் சுவரோடுதான் இருக்கிறது. ஒரு அறை வீட்டில் கட்டிலை வேறு எங்கே போடுவது?

மூன்றாவது வீட்டில் ஆன்ட்டியும், பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகளும் இருந்தார்கள். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நான் சொல்லி முடிக்கும் முன்பே ஆன்ட்டி வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"ஷீட்டைத் தூக்கறதா? உள்ள யாரு இருக்கான்னு தெரியும்ல?"

"தெரியும் ஆன்ட்டி. ஒரு மணி நேர வேலைதானாம்."

"பாணந்தி மேல ஒரு நிமிஷம் காத்து படக்கூடாதும்மா. குழந்தை பொறந்து இன்னும் மாசம் முடியல. மூணு மாசம் போகட்டும், அப்புறம் நீ கூரையைத் தூக்கு, சுவரைத் தூக்கு, நான் கேக்கமாட்டேன்."

பிள்ளை பெற்றவளை அவர்கள் பாணந்தி என்பார்கள். காதில் பஞ்சு, தலையில் மஃப்ளர், மூடிய ஜன்னல், காலையும் மாலையும் சாம்பிராணி. எங்கள் பக்கத்திலும் பத்தியம் உண்டு, இவ்வளவு இறுக்கம் கிடையாது.

"அதுக்குள்ள மழை வந்துடுமே ஆன்ட்டி."

"வந்தா ஒரு பக்கெட்டு வை. உன் வீட்டு மழைக்கு என் பொண்ணு எதுக்கு நனையணும்?"

திரும்பி வந்தேன். அவர் சொன்னதில் என்ன தவறு? என் குழந்தைக்காக ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையின் தலைக்கு மேல் கூரையைத் திறக்கச் சொல்கிறேன். எல்லோரும் சொல்கிற அளவுக்குக் காற்று கெடுதலா என்று மனம் வாதாடியது. அந்தப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் தூசி நெஞ்சுக்குள் போனால் காற்றைவிடக் கெடுதலாயிற்றே என்று அதுவே பதிலும் சொன்னது. ஆன்ட்டிக்கு அந்தத் தூசியைப் பற்றித் தெரியாது. சொன்னால் இன்னும் பிடிவாதம் பிடிப்பார். சொல்லாமல் விடுவது நியாயமா?

இரண்டு நாள் கழித்து, மகள் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. ஷீட்டின் வளைவுகளுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற அளவு சந்துகள் உண்டு. தாளிக்கிற வாசனையும் சண்டையும் எப்போதும் அந்த வழியாகத்தான் வந்து போகும்.

"அக்கா, முழிச்சிருக்கீங்களா? அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க."

ஆன்ட்டியின் மகள். நான் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டேன். முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

"பாப்பா தினமும் என்னமோ எண்ணுறாளே, என்னக்கா அது?"

ஓட்டை வழியாக விழுகிற வெளிச்சம் என்றேன். எப்படி இருக்கும் என்று கேட்டாள். சொன்னேன். காலையில் பீரோ மேல், மதியம் தரையில், மாலையில் கதவுக்குப் போய்விடும் என்றேன்.

"எங்க பக்கம் ஒண்ணே ஒண்ணுதான் விழுந்துச்சு. ஊசி முனை அளவு. அதையும் அம்மா மெழுகு வச்சு அடைச்சிட்டாங்க." தொட்டிலை ஆட்டுகிற சத்தம் கேட்டது. "பகலா ராத்திரியான்னே தெரியல அக்கா. பல்பு ஒண்ணுதான் எரிஞ்சிட்டே இருக்கு."

எங்கள் வீட்டு ஓட்டையைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஷீட்டு மாத்துனா, நடுச்சுவர் மேல இருக்குற அந்த ஒண்ணை மட்டும் கண்ணாடி ஷீட்டா போட முடியுமா அக்கா?"

"உங்க அம்மா மாத்தவே விடமாட்டேங்குறாங்களே."

"விடுவாங்க. நீங்க விலை மட்டும் கேட்டு வைங்க."

வெளிச்சம் வர நடுவில் போடுவார்களே, அந்த பிளாஸ்டிக் ஷீட்டைத்தான் எல்லோரும் கண்ணாடி ஷீட் என்கிறார்கள். கடையில் கேட்டேன். சிமெண்ட் ஷீட்டைப் போலவே வளைவு, ஒன்றோடொன்று பொருந்தும், விலை கொஞ்சம் கூட. வெயில் நேராக இறங்குமா என்று கேட்டேன். பால் வெள்ளையில் வாங்கினால் சூடு தெரியாது என்றார் கடைக்காரர்.

"மறுபடி ஆலங்கட்டி விழுந்தா?"

"மறுபடி நம்ம கடைக்கே வாங்க மேடம்."

அந்த வாரம் ஒரு மாலையில் தூறல் போட்டது. பெரிய மழை இல்லை. அதற்கே சுவர் மேலிருந்து கட்டில் வரை நனைந்தது. விளக்கு வைத்த சற்று நேரத்தில் மகளின் நெஞ்சில் சத்தம் ஆரம்பித்தது. நெபுலைசரைப் போட்டு, மாஸ்க்கை முகத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெஷின் கடகடவென்று ஓடியது.

சுவருக்கு மேலிருந்து ஆன்ட்டி கேட்டார். "என்னம்மா அது, இந்நேரத்துல மிக்ஸி? குழந்தை முழிச்சுக்கும்ல?"

"மிக்ஸி இல்லை ஆன்ட்டி. பாப்பாவுக்கு மூச்சு மெஷின்."

மெஷின் ஓடி நின்றது. பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "குறைஞ்சுதா?"

"குறையுது ஆன்ட்டி."

மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வந்தபோது ஆன்ட்டி என்னை நிறுத்தினார். முகத்தைக் கடுமையாகவே வைத்திருந்தார்.

"செவ்வாய், வெள்ளி கூடாது. ராகு காலம் கூடாது. அவ குளிச்சு, சாப்பிட்டு, குழந்தை தூங்கினப்புறம்தான் கை வைக்கணும். ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம்."

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். தூசியைப் பற்றியும் அப்போதே சொல்லிவிட்டேன். எதிர்வீட்டில் கேட்டு வைக்கிறேன், ஒரு மணி நேரம் அங்கே போய் இருங்கள் என்றேன். பாணந்தி வாசல் தாண்டக்கூடாது என்று மறுத்துவிட்டார். சமையல்கட்டில் கட்டிலைப் போட்டுக்கொள்வதாகவும், கதவிடுக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்வதாகவும் பேசி முடித்தோம். கடைசியில், போகிற போக்கில் சொல்வது போல, கண்ணாடி ஷீட்டைப் பற்றிச் சொன்னேன்.

"கண்ணாடியா? ஊரே என் பேரனை எட்டிப் பாக்கறதுக்கா?"

"மேல யாரு ஆன்ட்டி இருக்கா? பருந்துதான் இருக்கும்."

"பருந்துக்குக் கண்ணு இல்லையா?"

உள்ளேயிருந்து அவர் மகளின் குரல் கேட்டது. "ஹாக்லி பிடும்மா!" போடட்டும், விடும்மா என்று அர்த்தம். ஆன்ட்டி உள்ளே திரும்பி, சும்மா இரு என்று ஒரு அதட்டல் போட்டார். என்னிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

வேலை வியாழக்கிழமை நடந்தது. ஷீட்டை நனைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், அறுக்கக்கூடாது, உடைக்கக்கூடாது என்று நான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்ததும் நான்தான். "மேடம், ஷீட்டைக் குளிப்பாட்டுறீங்களா, என்னையா?" என்றார் மூன்றாமவர்; வேலையை அவரிடம்தான் கொடுத்திருந்தோம். பக்கத்து வீட்டு ஷீட்டுக்கு ஒரு கீறல்கூட விழாது என்று முதல் நாள் சத்தியம் செய்தவர் அவர். ஆன்ட்டி வீட்டுப் பக்கத்து அடுத்த ஷீட்டின் கொக்கியைத் தளர்த்தும்போதே அதன் மூலை அவர் கையோடு வந்துவிட்டது. கீழே ஆன்ட்டி போட்ட சத்தம் சந்துக்கே கேட்டது. அதற்குப் பதிலாக ஒரு புது ஷீட்டும் எங்கள் கணக்கில் ஏறியது. கணவருக்குப் போன் செய்தேன். "வாங்கிக் குடுத்துடு" என்றார், இந்த முறை எதுவாக இருந்தாலும் என்று சொல்லவில்லை.

நடுச்சுவரின் மேல் இருந்த ஷீட்டை இரண்டு பேர் தூக்கி நகர்த்தியபோது, முதல் முறையாக நான் அவர்கள் வீட்டை மேலிருந்து பார்த்தேன். பகலிலும் எரிகிற அந்த பல்பு தெரிந்தது. வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியாதபடி வெளிறியது. சமையல்கட்டுக் கதவுக்கு முன்னால் ஆன்ட்டி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஒரு பெரிய கறுப்புக் குடையைக் கதவுக்குக் குறுக்காக விரித்துப் பிடித்துக் காவல் நின்றார். கதவு ஒரு சாண் அளவு திறந்தது. குடையின் ஓரத்துக்குக் கீழே மஃப்ளர் சுற்றிய ஒரு தலை வந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக் கையசைத்தேன். அவள் எனக்கும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தூசி, தூசி, உள்ளே போ என்று கத்தினேன். ஆன்ட்டி திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

ஒரு மணி நேரம் என்றது இரண்டரை மணி நேரம் ஆனது. பத்து நாள் நான் இரண்டு குழந்தைகளின் தும்மலையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எத்தனை நாளில் முடிவு செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

என் மகள்தான் ஏமாந்து போனாள். புதுக் கூரையில் வட்டங்கள் இல்லை. நடுச்சுவரின் மேல் பாதி எங்களுக்கும் பாதி அவர்களுக்குமாகப் போட்ட கண்ணாடி ஷீட்டிலிருந்து, சுவரோரம் பால் போல ஒரு பட்டை வெளிச்சம் மட்டும் விழுகிறது. அதில் எண்ண எதுவும் இல்லை. அடுத்த பெரிய மழையில் கட்டிலில் படுத்தபடி, மேலே தண்ணீர் ஓடுகிற நிழலைப் பார்த்தோம். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மெஷினை எடுக்க வேண்டி வரவில்லை.

எங்கள் பாதியிலிருந்து எட்டிப் பார்த்தால், அவர்கள் பாதியில் ஷீட்டுக்குக் கீழே ஆன்ட்டி ஒரு பழைய சேலையை இழுத்துக் கட்டியிருப்பது தெரியும். மதியம் அவர் மார்க்கெட்டுக்குப் போகிற நேரத்தில் அந்தச் சேலை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும்.