வடக்கு மலைப் போரும் அம்மாவின் சிவப்புப் புடவையும்

எங்கள் கம்பெனி லைனில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் ஓடுகிற ஆள் நான்தான். கொஞ்சம் நடந்தே வாம்மா என்று சூப்பர்வைசரே சொல்லிப் பார்த்துவிட்டார். என் கால்கள் கேட்பதில்லை. ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம் என்று கூட இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆறாம் வகுப்பில், பென்னலூரில், எங்கள் மொட்டை மாடியில் நடந்த ஒரு போரில் தொடங்கியது.

போர் என்றால் பூதங்களோடு. அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்கள் வீட்டில் தங்கி வல்லம் வடகாலில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து அவருக்கு ஒரு விளையாட்டுப் பித்துப் பிடித்தது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாகப் புகுந்து, இப்போது இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். மாமா கதை சொல்வார். நானும் எதிர்வீட்டுப் பெரியப்பாவின் மகனான அண்ணனும் தளபதிகள். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் கோட்டை, மலை, ஏரி எல்லாம் வரைந்து போர்ப் பலகையாக்கி, புளியங்கொட்டைகளை எங்கள் படையாகவும் சோடா மூடிகளைப் பூதங்களாகவும் பரப்பியிருந்தோம்.

சின்னச் சண்டைகளில் ஒரு தொல்லையும் இல்லை. பெரிய போர் வந்ததும் மாமா எங்களோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். தெற்கு வாசலில் யாளி நெருப்பைக் கக்கினால் வடக்கு மலையில் இருக்கும் அண்ணன் அடுத்த நிமிடமே குதிரைப்படையைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான்.

"தெக்கால சண்டன்னு ஒனக்கு யாரு சொன்னா? நீ மலைக்கு அந்தாண்ட கீற. ஒனக்கு மலதான் தெரியும்" என்பார் மாமா.

கண்ணெதிரே தெரிவதைத் தெரியாதது போல வைத்துக்கொள்ள எங்களுக்கு வரவில்லை. போரில் நிற்கிறவனுக்குத் தன் முன்னால் இருப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது, அதுதான் போர் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் கம்பெனியிலிருந்தே அதற்கு வழி கொண்டுவந்தார். அவர்கள் லைனில் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாதாம். ஆளுக்கொரு போல்ட், அதுதான் அவரவர் உலகம். அதனால் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் விளக்கு இருக்கும். பச்சை என்றால் ஓடுகிறது. மஞ்சள் என்றால் சரக்குக் குறைகிறது. சிவப்பு என்றால் என்னால் முடியவில்லை. சிவப்பைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அங்கே ஓட வேண்டும்.

எங்கள் போரும் இனி அப்படித்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டே அறிவித்தார். பலகையை இரண்டாக வெட்டி, என் கோட்டைப் பலகை எங்கள் மாடியில், அண்ணனின் மலைப் பலகை தெருவுக்கு எதிரே பெரியப்பா வீட்டு மாடியில். சேதி சொல்லத் துணிக்கொடியில் அந்த விளக்குகளின் நிறத்தில் துண்டு போட வேண்டும். கத்தக் கூடாது, கை காட்டக் கூடாது. போட்ட துணியைக் கதை சொல்பவர் வந்து பார்க்கும்வரை எடுக்கவும் கூடாது.

"எனக்கும் அப்டி ஒரு வெளக்கு மாட்டிக் குடுடா" என்றாள் அம்மா, தோசையைத் திருப்பிக்கொண்டே. "செவப்பு போட்டா ஓடியாருவாங்களா?"

ஓடி வராவிட்டால் சூப்பர்வைசர் தொலைத்துவிடுவார் என்று மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இன்றைக்கு அவர்கள் வருகிறார்கள், எங்கேயும் போகாமல் கூடவே இரு என்றாள். இங்கேதானே இருக்கப் போகிறேன் என்றார் மாமா.

அவர்கள் என்றால் போன் பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்குப் பெண்களைச் சேர்க்க ஊர் ஊராக வந்தவர்கள். அம்மா பன்னிரண்டாவது முடித்தவள். பல நாளாக அந்த வேலைக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் கேட்டால் பெரியப்பாவைக் கேட்க வேண்டும் என்பார். பெரியப்பாவோ தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற வழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார். அம்மாவுக்காகப் பேச அந்த வீட்டில் மாமாவைத் தவிர ஆள் இல்லை. இதெல்லாம் என் காதிலும் விழுந்துதான் இருந்தது. ஆனால் அது பெரியவர்களுடைய பலகை.

போரில் மிகக் கொடுமையானது சண்டையே அல்ல, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது. மத்தியானம் நான் பச்சைத் துண்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பூதங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்தன. எதிர்மாடியிலும் பச்சைதான். மாமா அங்கே கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் அண்ணனோடு குந்தியிருந்தார், உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அப்படி என்னதான் பேசுகிறார்கள்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுடுகிற தரையில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கீழே ஒரு பைக் வந்து நின்றது. பெரியப்பாவின் குரல் கேட்டது. நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் கண் முழுக்க எதிர்க்கொடியிலேயே இருந்தது.

அம்மா மாடிக்கு வந்தாள். கையில் அவளுடைய சிவப்புப் புடவை. மாமா எங்கே என்றாள். நான் எதிரே காட்டிவிட்டு, கூப்பிடக் கூடாது, துணிதான் போட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

வெளி ஆட்களும் பெரியப்பாவும் கீழே உட்கார்ந்திருக்கும்போது மாடியில் நின்று தம்பியைக் கூவி அழைக்கிற வீடு எங்களுடையது அல்ல. அம்மா என் பச்சைத் துண்டை எடுத்தாள். புடவையைக் கொடியின் நீளத்துக்கும் விரித்துப் போட்டுக் கிளிப் மாட்டினாள். கொஞ்ச நேரம் எதிர்மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நன்றாக இருக்கும் கோட்டைக்கு மேல் இவ்வளவு பெரிய சிவப்பு! மாமா எழுந்து பார்த்தார். நான் இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். கை காட்டுவது சட்டவிரோதம் என்பதால் அந்த நேர்மையான மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி குந்திவிட்டார்.

வெகுநேரம் கழித்து, பைக் கிளம்பிப் போன சத்தத்துக்குப் பிறகு, அவர் பக்கவாட்டுப் படி வழியாக என் மாடிக்கு வந்தார். அண்ணன் சிவப்பைப் பார்த்ததும் மலையைக் கைவிட்டுவிட்டு எனக்கு உதவிக்கு வந்தானாம். ஆளில்லாத மலையில் பூதங்கள் ஏறிக்கொண்டனவாம்.

"ஒன் கோட்டைல ஒரு பூதங்கூட இல்லியே. இன்னாத்துக்கு செவப்பு போட்ட?"

நான் போடவில்லை, அம்மா போட்டாள் என்றேன். மாமா சிரித்தபடியே புடவையை எடுக்கக் கை வைத்தார். சிரிப்பு நின்றுபோயிற்று. போரில் செத்த புளியங்கொட்டைகளைக்கூட எண்ணாமல் படியில் இறங்கி ஓடினார்.

நானும் பின்னாலேயே போனேன். கூடத்தில் அப்பா மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பெரியப்பாவே பேசி அனுப்பிவிட்டார், நமக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று என்றார். மாமா சமையலறை வாசலில் நின்றார். அம்மா காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"செவப்பு போட்டேனேடா" என்றாள், திரும்பாமல்.

"பாத்தேங்கா" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து, அந்தப் போர் செல்லாது, அம்மாவால்தான் மலை போயிற்று, அது விளையாட்டுக்குப் போடுகிற சிவப்பு என்று மூச்சு விடாமல் முறையிட்டேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யாருனா வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"குதிரைப்படை மொத்தமும் வந்துச்சும்மா" என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா ஏன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. போய்ப் புடவையை எடுத்து மடித்து வை என்றாள் அம்மா. முணுமுணுத்துக்கொண்டே மாடியேறினேன். புடவையில் எங்கும் ஈரமே இல்லை. பீரோவில் இருந்த மடிப்புகூட இன்னும் கலையவில்லை, பாச்சை உருண்டை வாசனை அடித்தது. துவைக்காத புடவையைக் கொண்டுவந்து காயப் போட்டு நல்ல போரைக் கெடுத்தாளே என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே அதை மடித்தேன்.