நாற்பது வயதுப் பயிற்சி ஆசிரியை

செவ்வாய்க்கிழமை காலை அருப்புக்கோட்டையில் பள்ளிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ரஹ்மத் நிஷா அக்காவின் மகள் அஸ்மா போன் செய்தாள். "அக்கா, அம்மா மவுத்தாயிட்டாக. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றாள். "வாரேம்மா" என்றேன். பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அக்காவின் ஊரான வீரசோழனுக்குப் பஸ் ஏறினேன். எங்களோடு பி.எட். படித்த உங்களுக்கு வழியெல்லாம் ஒவ்வொருவராகப் போனில் சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "கடைசி வரைக்கும் பாடம் நடத்துனாங்களா?" நடத்தினார்.

ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்காகக் கல்லூரி எங்கள் இருவரையும் பரளச்சிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பியது. பதினாறு வாரம். எனக்கு இருபத்திரண்டு வயது, அவருக்கு நாற்பது. பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். கணவர் சவுதியில் இருக்க, தனியாக மகளை வளர்த்து, அவள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவர். நான் டவுனில் ஆங்கில வழியில் படித்தவள். அந்தத் திமிர் எனக்கு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது வாரம் கல்லூரியிலிருந்து பேராசிரியர் வகுப்பைப் பார்வையிட வந்தார். ஒன்பதாம் வகுப்பு. அக்கா நன்றாகத்தான் தொடங்கினார். நடுவில் ஒரு மாணவி, "மிஸ், ஆல்தோன்னா என்ன மிஸ்?" என்று கேட்டாள். அர்த்தம் அவருக்குத் தெரியும். ஆனால் சொல் வாயில் வரவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கடைசி பெஞ்சில் இருந்த நான் எழுந்துபோய் பாடத்தை முடித்தேன். உதவி செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

பேராசிரியர் கோபிக்கவில்லை. "உங்களுக்கு இது சிரமம்மா. அடுத்த வருஷம் திரும்பச் செஞ்சுக்கலாம், யோசிங்க" என்றார். "இன்னும் பதிமூணு வாரம் கெடக்கு சார். அது முடியட்டும், அப்பறம் யோசிக்கிறேன்" என்றார் அக்கா.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் சொன்னார்: "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச கலா. ஆனா நான் நின்னுட்டா நானே நடக்கணும். பிள்ளைக பாக்க நீ வந்து முடிச்சிட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வகுப்புக்குப் போவேன்?" அதில் கோபம் இல்லை.

மறுநாள் அதே வகுப்புக்குப் போனார். புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, "இங்கிலீஷ்ல உங்களுக்கு என்ன தெரியணும்? தமிழ்லயே எழுதுங்க" என்றார். பெரும்பாலானோர் கிரிக்கெட், வேலை என்று எழுதினார்கள். முத்துமாரி என்ற பெண் எந்த வகுப்பிலும் வாயே திறக்காதவள். "எங்கய்யாவுக்கு மதுரை ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டுல என்ன போட்டிருக்குன்னு தெரியணும்" என்று எழுதியிருந்தாள்.

அந்தத் தாளை அக்கா இரண்டு முறை படித்தார். பிறகு வகுப்பிடம், "இங்கிலீஷ் ஏற்கெனவே நம்ம வீட்டுக்குள்ள வந்து கெடக்கு. நாமதான் அதப் படிக்காம வச்சிருக்கோம்" என்றார். அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் மாத்திரை அட்டை, பருத்தி விதைப் பாக்கெட், மருந்தடிக்கும் டப்பாவில் ஒட்டிய தாள், மாமாவின் விசா நகல் என்று கொண்டுவந்தார்கள். பாடப் பகுதியை நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் அவற்றைப் படிக்க வைத்தார். முத்துமாரி சீட்டைக் கொண்டுவந்த அன்று அவளிடம் அகராதியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சொல்லைக்கூட அவர் படித்துச் சொல்லவில்லை. பீரியட் முடியும்போது அந்தப் பெண் நிமிர்ந்து, "மிஸ், இந்த மாத்திரை ராத்திரிக்கு மட்டுந்தான் மிஸ். அய்யா காலையிலயும் போடுறாரு" என்றாள். "நாளைக்கே ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினார் அக்கா. போய்க் கேட்டார்கள். அவள் படித்தது சரி.

கடைசி வாரம் பேராசிரியர் திரும்பவும் வந்தார். வீட்டில் ஒருவர் தினமும் செய்யும் ஒன்றைச் சொல்லுங்கள் என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்டார். முத்துமாரி தானாக எழுந்தாள். எழுந்தவளுக்குப் பேச்சு வரவில்லை. வகுப்பு திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் பேனாவை மூடினார். அக்கா அவசரப்படவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து அந்தப் பெண், "மை ஃபாதர் டேக் ஒன் டேப்லட் நைட்" என்றாள்.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் கேட்டார்: "அந்த வாக்கியத்துல தப்பு இருக்கே, ஏன் திருத்தல?"

"நாளைக்குத் திருத்துறேன் சார். இன்னைக்குத்தான் வாயத் தெறந்திருக்கா."

அக்கா தேறினார். எனக்கு அவரைவிட மதிப்பெண் அதிகம். அது நியாயமில்லை என்று எனக்கு அன்றே தெரியும்.

பிறகு வீரசோழன் பக்கம் ஒரு சிறிய பள்ளியில் மூன்று வருடம் ஆங்கிலம் நடத்தினார். புற்றுநோய் என்று தெரிந்த பின்னும், மதுரையில் ஊசி போட்டு வந்த மூன்றாம் நாள் வகுப்பில் இருப்பார். நடக்க முடியாமல் போனபோது பிள்ளைகள் அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். படுத்தபடியே பாடக்குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நம் எல்லோருடைய நோட்டிலும் இருக்கும் கட்டங்களோடு, ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. தலைப்பு: 'இன்று எனக்குத் தெரியாமல் போனது.' மூன்று வருடமும் ஒரு நாள்கூட அதை வெறுமையாக விட்டதில்லையாம். "தெரியலன்னு எழுதிட்டா மறுநா தேடித்தானே ஆகணும் கலா" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்பில், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தேன் என்றேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "துட்டி கேக்குறதுக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்?" என்றாள். ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். இத்தனை நாளும் அப்படித்தான் சமாளித்தேன். ஆனால் இங்கே துட்டி கேட்பதில் உள்ள அத்தனையையும் சொல்லும் ஒரு சொல் என்னிடம் இல்லை.

"எனக்குத் தெரியலம்மா. தேடிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். பிறகு ஸ்கேலை எடுத்து, என் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன்.