முதல் பேஸில் நின்றவன்

பேஸ்பாலில் உனக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்பார்கள். முதல் பேஸில் நிற்பது என்பேன். நிற்பதற்கெல்லாம் ஒரு ஆளா என்று சிரிப்பார்கள். அடித்தவன் ஓடி வந்து பேஸைத் தொடுவதற்குள், நான் ஒரு காலால் அதை மிதித்தபடி பந்தைப் பிடித்தால் அவன் அவுட். காலை எடுத்தால் போச்சு. மாவட்ட டீம், மாநில டீம் என்று இத்தனை வருஷமும் நின்றே பேர் வாங்கியவன் நான்.

போன சீசனில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட கிரவுண்டில் ஆமத்தூர் டீமோடு ஆட்டம். அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆமத்தூரின் கடைசி ஆள் அடித்துவிட்டு என்னைப் பார்த்து ஓடி வந்தான். அவன் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. காலையில் டீக்கடையில் சொல்லியிருந்தான்.

பந்து என்னிடம் வந்துகொண்டிருந்தபோது எங்கோ பெரிதாக ஒரு வெடிச் சத்தம். தரை அதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் புகை எந்தத் திசை என்றுதான் முதலில் பார்ப்போம். ஓடி வந்தவன் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தான். எனக்குப் பயத்தில் கால் மரத்துவிட்டது, கை மட்டும் பழக்கத்தில் நீண்டு பந்தைப் பிடித்தது. அம்பயர் வெளியூர்க்காரர், அவுட் என்று கையைத் தூக்கினார். ஜெயித்துவிட்டோம். ஒருத்தரும் கைதட்டவில்லை.

புகை கம்பெனித் திசையில் எழுந்தது. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தெரிந்தும் அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று போன் அடித்துக்கொண்டே இருந்தோம். கேட்டில் கிடக்கும் போன்கள் எல்லாம் ஒன்றாக அலறுவது காதில் கேட்பது போலவே இருந்தது.

கடைசியில் அம்மா எடுத்தாள்.

"ஏலே, எனக்கு ஒண்ணுமில்லலே. வெளிய ஓடியாந்துட்டோம்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவன் என் தோளைப் பிடித்தான். "எங்க வீட்ல இருக்காகளான்னு கேளுங்கண்ணே."

"அம்மா, ஆமத்தூர்ல இருந்து வேன்ல வருமே ஒரு பிள்ளை, அது வீட்டுக்காரரு இங்கன நிக்காரு. கேக்காரு."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "போனை அவுக கையில குடுத்துறாதலே."