ஹசீனாவின் வாப்பாவும் ஷார்ஜா ஃபேனும்

கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்தது அந்த வாசம் — நல்லெண்ணெயில் பூண்டு பொரியும் வாசம்.

மூக்கில் பட்டதுமே என் தலை தானாகச் சாய்ந்து, இடது காதை மேலே காட்டியது. தாமிரபரணியில் முங்கி வளர்ந்த காதுகளில் அந்த எண்ணெயைக் குடிக்காத காது உண்டா? இளஞ்சூடாக இறங்கும்... உலகமே தண்ணீருக்கு அடியில் போய்விடும்...

இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் மரியம். காயல்பட்டினத்துப் பெண். மகள் ஹசீனாவின் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் எங்கள் கீழ்வீட்டுக்குக் குடிவந்தவர். கணவருக்கு ஷார்ஜாவில் ஜவுளிக்கடை வேலை.

"புள்ளைக்குத் திரும்பவும் காது குத்துது அண்ணாச்சி."

"டாக்டர்ட்ட காட்டலியாம்மா?"

"போன தடவ மருந்து தந்தாவ. வலி நின்னுச்சு, அப்புறம் போகல." குரலைத் தணித்தார். "காது கெடக்கட்டும்... வாப்பாகூட பேசவே மாட்டேங்கா. பெருநாளைக்கு அவுக வரலைல்லா? அந்தக் கோவம்."

அந்தக் கூத்தை நானும் பார்த்திருக்கிறேன். வீடியோ கால் வரும். முதலாளி கண்ணில் படாமலிருக்க, ஹசீனாவின் அப்பா போனை மேஜைமேல் மல்லாக்கப் போட்டுவிட்டுத் துணி மடிப்பார். திரையில் முகம் இருக்காது. ஷார்ஜா ஃபேன்தான் சுற்றும். "ஏளா ஹசீனா! வாப்பா பேசுதேன்ளா!" என்று ஃபேன் கத்தும். அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்ப்பாள். பிறகு போனை உம்மா மடியில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள்.

"எம் மவ என்னைய மறந்துட்டா" என்றாராம் மனிதர். தினமும் வந்த போன், வெள்ளிக்கிழமை மட்டும் என்று சுருங்கிப்போனது.

மறுநாள் காது டாக்டரிடம் நானும் துணைக்குப் போனேன். டாக்டரம்மா முகத்தில் மாஸ்க். "ஒம் பேரென்ன கண்ணு?" ஹசீனா பேசவில்லை. மாஸ்க்கை இறக்கிவிட்டு அதையே கேட்டார்.

"ஹசீனா."

மாஸ்க் ஏறியது. "என்ன படிக்க?" மௌனம். இறங்கியது. "ஒண்ணாப்பு!"

காதுக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார் டாக்டர். "உதட்டப் பாத்துத்தாம்மா பதில் சொல்லுதா. செவிப்பறைக்குப் பின்னால நீர் கட்டிக் கெடக்கு, அதான் சரியாக் கேக்கல. நீங்க ஊத்துற எண்ணெய் அங்கன போகவே செய்யாது."

மரியம் கேட்டது இதுதான்: "அப்போ... அவ வாப்பாமேல கோவமில்லையா டாக்டர்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு காது படம்.

சில மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். நிறையக் குழந்தைகளுக்கு அந்த நீர் தானாக வற்றிவிடுமாம். இவளுக்கு வற்றவில்லை. செவிப்பறையில் சின்னத் துளையிட்டு, அரிசி மணியைவிடச் சிறிய ஒரு குழாயை வைக்கலாம் என்றார் டாக்டர். ஷார்ஜாவிலிருந்து அலறல் — "காதுல ஓட்ட போடுததா? உள்ளதும் போயிரும், வேண்டாம்!"

டாக்டரே போனை வாங்கிப் பொறுமையாகச் சொன்னார். "அது காத்துப் போறதுக்கு ஒரு ஜன்னல், அவ்வளவுதான். காத்துப் போனா நீர் கட்டாது. பெரும்பாலும் குழாய் தானா விழுந்துரும், துளையும் மூடிரும். பிள்ளைக்குக் கேக்காமலே நாள் போகுதே, அதான் எனக்குக் கவலை." மரியத்திடம் திரும்பி, "பூண்டெண்ணெய் மட்டும் ஊத்திராதீங்க. பாபநாசம் அருவில தலையக் குடுக்கவும் விடாதீங்க" என்றார்.

ஷார்ஜா சம்மதித்தது; குழாய் வைத்தாயிற்று. நான் படியிறங்கும் செருப்புச் சத்தத்துக்கு ஹசீனா திரும்பிப் பார்த்தாள். அதுவரை என் செருப்புக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை!

பதில் வராவிட்டால் நாம் உடனே ஒரு நோய்ப்பெயர் சூட்டிவிடுகிறோம் — கோபம், திமிர், மறதி. நம் குரல் போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்க்கிறோம்?

அந்த வெள்ளிக்கிழமையும் ஃபேன் கத்தியது. "ஏளா ஹசீனா! வாப்பா பேசுதேன்! கேக்குதா?"

ஹசீனா திடுக்கிட்டுப் போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். பிறகு அந்த ஃபேனைப் பார்த்து, மெல்ல — "கேக்குது வாப்பா."

ஃபேன் சரிந்தது. துணிக்கட்டு ஒன்று தெரிந்தது. அப்புறம் ஒரு முகம்... நனைந்த முகம்.

பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். முதலாளியாக இருக்கும்.

"வச்சிருதேன்ளா மவளே... நாளைக்கே கூப்பிடுதேன்!" என்று மறுபடியும் கத்தினார் மனிதர்.

"கூப்பிடுங்க வாப்பா. கத்தாதீங்க... பையப் பேசுங்க."