தொண்ணூறில் வரும் நடுக்கம்

1. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது, உள்ளேயே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினோம். கணவர் அதைச் சிகாமட்டிலிருந்து எங்கள் ஊரான உலு திராம் வரை ஓட்டி வந்தார். வழியில் எந்த ஆட்டமும் இல்லை.

2. மறுநாள் அவர் நான்கு டயருக்கும் காற்றடித்துக்கொண்டு வந்தார்.

3. பூஜைக்கு முதல் நாள் வண்டியைக் கழுவினோம். கூரை கணவருக்கு, உள்ளே எனக்கு, சக்கரங்கள் மட்டும் அத்தைக்கு. அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

4. பூஜை நடந்தது. சக்கரங்களுக்குச் சந்தனம், குங்குமம். டயருக்கு ஒன்றாக எலுமிச்சை. மூன்று நசுங்கின. நான்காவது வழுக்கி வடிகாலுக்குள் போய்விட்டது.

5. அடுத்த சனிக்கிழமை மெர்சிங்குக்குக் கிளம்பினோம். கோத்தா திங்கியைத் தாண்டி வேகம் எடுத்ததும் வண்டி நடுங்கியது. வேகத்தைக் குறைத்தாலும் பள்ளங்களில் குலுக்கியது. பாதி வழியில் திரும்பிவிட்டோம்.

6. அன்று மாலை அத்தையின் வலது முட்டி வீங்கியிருந்தது.

7. அவர் சொன்னது: "வித்துடுங்க. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்."

அத்தை என்பது என் மாமியார். இந்த வண்டி எதற்காக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெளியே கிளம்பினால் அரை மணிக்கு ஒருமுறை கழிவறை தேட வேண்டியிருக்கும். முட்டி மடங்காததால் வழியில் இருக்கும் குந்து கழிவறைகள் அவருக்கு உதவாது. இப்படியே மூன்று வருடமாக அவர் செடெனாக்கைத் தாண்டி எங்கும் போனதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுவார். மெர்சிங்கில் அவர் தங்கை கடலுக்கு எதிரே குடியிருக்கிறார். இருவரும் தினமும் தொலைபேசியில் சண்டை போட்டுக்கொள்வார்கள், ஆனால் பார்த்து மூன்று வருடம். மோட்டார்ஹோமுக்குள் கைப்பிடியோடு ஒரு சிறிய கழிவறை இருந்தது. விற்றவர் வண்டியைக் காட்ட எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்த அன்று அத்தை அதைத் திறந்து பார்த்தார். கதவை மூன்று தடவை மூடித் திறந்தார். அன்றே வண்டியை வாங்க முடிவு செய்தோம்.

அதனால் அவர் "வித்துடுங்க" என்றது எனக்கு வலித்தது. தொழில் ரீதியாக அவமானமாகவும் இருந்தது. தொழிற்சாலையில் பம்புகளும் காற்றாடிகளும் ஏன் அதிர்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டு வாசலில் நிற்கும் ஒரே வண்டி ஏன் அதிர்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கணவரின் நண்பர் ஒருவர் வாங்கிக்கொள்வதற்காக ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்ப்பதாக இருந்தார். கையில் ஐந்து நாள் இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்று குலுக்கல், இன்னொன்று நடுக்கம். இரண்டும் ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை. குலுக்கல் பள்ளத்தில் வருகிறது, வேகத்தைப் பொறுத்ததல்ல. நடுக்கம் எண்பதுக்கு மேல் தொடங்கி, தொண்ணூறில் உச்சத்துக்குப் போகிறது, எழுபதில் காணாமல் போகிறது.

முதலில் குலுக்கலை எடுத்துக்கொண்டேன். காலையில் டயர் சூடாவதற்கு முன் காற்றழுத்தத்தை அளந்தேன். நான்கும் கல் மாதிரி இருந்தன. எந்த எண்ணைப் பார்த்து அடித்தீர்கள் என்று கணவரைக் கேட்டேன். டயரிலேயே அச்சடித்திருக்கிறதே என்றார், பெருமையாக. அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. வண்டிக்கு வேண்டிய அளவு ஓட்டுநர் கதவின் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும், அதுவும் வண்டியின் எடையைப் பொறுத்தது. அவர் ஸ்டிக்கரைப் படித்தார், தலையைச் சொறிந்தார், பிறகு காப்பி போடப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மன்னிப்பு.

எடை பார்க்கச் செடெனாக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போனோம். அங்கே குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுக்கும் எடைமேடையில் என் சின்ன மாமா வேலை செய்கிறார். வழக்கமாகப் பயணத்தில் யார் இருப்பார்களோ, என்ன இருக்குமோ, எல்லாவற்றோடும் நிறுக்க வேண்டும் என்பதால் அத்தையையும் கெஞ்சி ஏற்றினேன். மெதுவாகத்தான் ஓட்டினோம். முன்சக்கரங்களைத் தனியாக, பின்சக்கரங்களைத் தனியாக மேடையில் ஏற்றினோம்.

மாமா சன்னல் வழியாக அத்தையை எட்டிப் பார்த்தார். "அக்கா, எறங்கிட்டு இன்னொரு தடவ நிறுக்கவா? வித்தியாசம் தெரிஞ்சுடும்."

"நெனப்புதான். நம்பர மட்டும் அவகிட்ட சொல்லு, எங்கிட்ட சொல்லாத லா."

எடைக்கு ஏற்றபடி காற்றை இறக்கினேன். திரும்பி வரும்போது பள்ளங்கள் பள்ளங்களாக மட்டும் இருந்தன, அடியாக இல்லை. முதல் பத்தியை அடித்துவிட்டேன். ஆனால் நெடுஞ்சாலையில் தொண்ணூறைத் தொட்டதும் தரை அதிர ஆரம்பித்தது. அத்தை இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லாமலே கணவர் வேகத்தைக் குறைத்தார்.

அடுத்த இரண்டு மாலையும் நானும் கணவரும் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். தொண்ணூறில் கியரை எடுத்து வண்டியை உருளவிட்டால் நடுக்கம் அப்படியே இருந்தது, ஆகவே இன்ஜின் இல்லை. பிரேக் அழுத்தினால் கூடவில்லை, ஆகவே பிரேக் இல்லை. நின்ற இடத்தில் இன்ஜினை முறுக்கினால் ஒன்றுமில்லை. இருக்கையைவிட ஸ்டியரிங்தான் அதிகம் ஆடியது, ஆகவே முன்பக்கம். முன்சக்கரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். டயரில் வீக்கம் இல்லை, ரிம் வளையவில்லை. ரிம்மின் உட்புறம் வரை சந்தனமும் குங்குமமும் இருந்தது. அதைத் துடைக்க மனம் வராமல் விட்டுவிட்டேன். சக்கரத்தின் எடைச் சமநிலை போயிருக்க வேண்டும் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். சிகாமட்டிலிருந்து ஆடாமல் வந்த சக்கரம் இரண்டே வாரத்தில் எப்படிக் கெடும்?

அத்தைக்கு அதற்கு விடை இருந்தது. "அந்த நாலாவது எலுமிச்சங்கா. அன்னிக்கே சொன்னேன்."

வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் வீட்டில் கூரை விசிறியைப் போட்டால் சாமி மேடையின் திரை விளக்கின் மேல் பறக்கும். அதனால் பூஜை முடியும்வரை எல்லாரும் வியர்வையில் நிற்போம். அன்று விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரை அசையவில்லை.

பூஜை முடிந்ததும் திரையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே கட்டி கட்டியாக ஏதோ தைத்திருந்தது. என்னவென்று கேட்டேன்.

"அதுவா? சக்கரத்துல ஒட்டிக்கிட்டிருந்துச்சு மா. பழைய அழுக்குன்னு தோசக் கரண்டியால சொரண்டினேன், பாத்தா ஈயம். வீணாப் போடுவானேன்னு தச்சு வச்சேன். எப்படி இருக்கு?"

நன்றாக இருந்தது. தையல் நேராக, துண்டுகள் சம இடைவெளியில். தடவி எண்ணினேன், பதினொன்று.

தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் அதிர்ந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக அதில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பது. வீட்டில் அதை நான் கேட்கவே இல்லை. தொழிற்சாலையில் அது கேள்வி. வீட்டில், அதுவும் மருமகள் கேட்டால், அது குற்றச்சாட்டு. அதனால் எடைமேடை வரை போய்விட்டு வந்தேன்.

இப்போதும் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பேசாமல் சக்கரத்தைச் சரிசெய்துவிடலாம். ஆனால் வண்டிமேல் பயந்துபோயிருந்தவர் அவர்தான். ஏன் ஆடியது என்று தெரியாமல் அவர் திரும்ப ஏற மாட்டார். சொன்னேன். சக்கரம் சுற்றும்போது ஒரு பக்கம் கனமாக இல்லாமல் இருக்க எதிர்ப்பக்கம் ஒட்டும் துண்டுகள் இவை என்றேன். இவை போனதால்தான் நடுக்கம், அவை ஒட்டியிருந்த தடத்தைச் சந்தனம் மறைத்துவிட்டது என்றேன்.

அத்தை திரையைப் பார்த்தார். பிறகு தன் முட்டியைப் பார்த்தார்.

"அப்ப என் முட்டிய நானேதான் ஆட்டி வச்சிருக்கேன்."

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் குனிந்தேன். சிரிப்பு. கணவர் குளியலறையிலிருந்து ஓடிவந்து என்ன என்று கேட்க, அவரிடம் சொல்ல முடியாமல் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

சனிக்கிழமை டயர் கடைக்கு அவரும் வந்தார், திரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தையலைப் பிரித்து, ஈயத் துண்டுகளைக் கடைக்காரரிடம் நீட்டினார். அந்தச் சீனர் அவற்றையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை மலாயில் நடந்ததை முழுதாகச் சொன்னார், எலுமிச்சை உட்பட. பழைய துண்டின் பசை போய்விட்டது, புதியது ஒட்ட வேண்டும், இவற்றை ஆன்ட்டியே வைத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். இயந்திரத்தில் சக்கரம் சுற்றி நின்று எண்கள் பூஜ்யமாகும்வரை அத்தை கண் எடுக்கவில்லை. பின்சக்கரங்களில் துண்டுகள் கொக்கியால் மாட்டியிருந்தன. தோசைக் கரண்டிக்கு அவை அசையவில்லை என்று அவரே கடைக்காரருக்கு விளக்கினார்.

கடையிலிருந்து நேராக நெடுஞ்சாலைக்குப் போனோம். அத்தை முன்னிருக்கையில், கையில் முக்கால் டம்ளர் தண்ணீர். எழுபது. எண்பது. தொண்ணூறு. தண்ணீர் கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். அவர் கீழே பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் அமுக்கு பா."

"வேகத்துக்குச் சம்மன் வந்தா உங்க பேர்லதான் மா அனுப்புவேன்."

"அனுப்பு. மெர்சிங் விலாசம் போட்டு அனுப்பு."

பிறகு டம்ளரிலிருந்த தண்ணீரை முழுவதும் குடித்தார். வெளியில் அவர் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

இப்போதைய நிலை இது. நண்பரை ஞாயிறு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மெர்சிங்குக்கு இரண்டு முறை போய்விட்டு வந்தாயிற்று. அக்காளும் தங்கையும் இப்போது நேரில் சண்டை போடுகிறார்கள். முட்டியின் வீக்கம் வடிந்துவிட்டது, வலி முன்பு இருந்த அளவுக்கு இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் குளிர்பெட்டியின் கதவு அறுபதில் கிடுகிடுக்கிறது, காரணம் இன்னும் தெரியவில்லை. பதினொரு ஈயத் துண்டுகளும் திரைக்கே திரும்பிவிட்டன. வெள்ளிக்கிழமைகளில் விசிறியைப் போட்டுக்கொள்கிறோம்.